காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் நான்கு சைக்கிள்கள்

ஐப்பசியில் நேபாளத்துக்கு மலைச் சைக்கிள் ஓடப் போய்வந்ததிலிருந்து பலர் கேட்டுவிட்டீர்கள்: எப்படிப் போனீர்கள், என்ன செலவு, பெண்கள் போகலாமா? எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் ஏன் போனோம் என்பதில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கொழும்பு முழுக்கப் பெற்றோல் வரிசையில் நின்ற அந்த வருஷம்தான் நாங்கள் சைக்கிளுக்கு வந்தோம். என் வீடு வெள்ளவத்தையில். கொட்டாஞ்சேனையில் ஒரு பாமஸியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்த மெலனியின் அண்ணா ஜூட், கொட்டாஞ்சேனையிலிருந்து இரத்மலானையில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வருவார். காலையில் நான் வடக்கே மிதிக்க, அவர் தெற்கே மிதிக்க, காலிமுகத்திடலுக்குக் கிட்ட ஒருவரையொருவர் கடப்போம். முதலில் தலையசைப்பு, பிறகு மணியடிப்பு. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மெலனியும் அவள் கணவன் சுரேனும் சேர்ந்துகொள்ள, நாலு பேராக ஊர் சுற்றினோம். பெற்றோல் திரும்ப வந்த பிறகும் சைக்கிளை விடவில்லை.

பிறகு மெலனியும் சுரேனும் மெல்பேணுக்குப் போனார்கள். அதே வருஷம் ஜூட் ரொறன்ரோவுக்குப் போனார். நான் மிஞ்சினேன். எனக்கும் ஜூட்டுக்கும் இடையில் ஏதும் இருந்ததா என்றால், இருந்தது. இருவரும் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் போய் மூன்று வருஷமாகியும், காலிமுகத்திடலைக் கடக்கும்போது எதிர்ப்பக்கத்தில் வரும் சைக்கிள்களைப் பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை.

நேபாள யோசனை மெலனியுடையது. "எல்லாரும் ஒரு இடத்தில சந்திப்பம் அக்கா. கொழும்பு எண்டால் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டிலயே லீவு முடிஞ்சிடும்" என்றாள். முக்திநாத் கோயில் இருக்கிற பக்கம் என்றதும் அம்மா உடனே சம்மதித்துவிட்டா. மலைச் சைக்கிள் என்ற பகுதியை நான் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.

கொழும்பிலிருந்து காத்மண்டுவுக்கு நேரடி விமானத்தில் நாலு மணித்தியாலத்துக்கு உள்ளேதான். சார்க் நாட்டுக் கடவுச்சீட்டு என்பதால் விசாவுக்கு என்னிடம் காசு வாங்கவில்லை. விதிகள் மாறலாம், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பொக்காராவுக்கு பஸ். இருநூறு கிலோமீற்றர்தான், ரோட்டு வேலை நடப்பதால் பகல் முழுக்க எடுத்தது. சைக்கிள்களைப் பொக்காராவில் வாடகைக்கு எடுத்தோம். முன்னும் பின்னும் ஸ்பிரிங் உள்ள நல்ல சைக்கிள் நாளுக்கு ஐயாயிரம் நேபாள ரூபா. பசாங் என்ற வழிகாட்டியையும் கடைக்காரரே ஒழுங்குசெய்து தந்தார்.

ஜூட்டை நான் பார்த்தது அந்தக் கடை வாசலில். முகம் கொஞ்சம் ஊதி, தலையில் நரை விழுந்திருந்தது. "சுகமா இருக்கிறீரா நித்யா?" என்றார். மூன்று வருஷமாகப் போனில் கேட்ட அதே கேள்விதான். ஓம் என்றுவிட்டு, ஹெல்மெட் சரியாக இருக்கிறதா என்று தேவையில்லாமல் பட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன்.

பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், இருபது நிமிடம். சைக்கிள்கள் முந்தின நாளே ஜீப்பில் போய்விட்டன. ஜோம்சோம் 2,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து காளி கண்டகி ஆற்றோரமாக வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் மிதித்தால் கக்பேனி. பகல் பதினொரு மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து காற்று எழும்பும். எங்களை முதுகில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது. கொழும்பில் எங்களை எல்லாம் விட்டுவிட்டுப் பறக்கிற ஜூட் அன்று கடைசியாக வந்தார். "ரொறன்ரோவில சைக்கிளே இல்லை. இருட்டில வேலைக்குப் போய் இருட்டில வாறது" என்றார் மூச்சுவாங்கிக்கொண்டு.

அடுத்த நாள் கக்பேனியிலிருந்து முக்திநாத்துக்கு ஏற்றம். தூரம் பெரிதில்லை, ஆனால் கிட்டத்தட்ட ஆயிரம் மீற்றர் மேலே ஏற வேண்டும். பாதி வழியில் ஜூட் இறங்கித் தள்ளத் தொடங்கினார். கோயிலுக்குக் கீழே உள்ள ராணிப்பௌவா ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் வாந்தி எடுத்தார். தலை வெடிக்கிறது என்றார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நடந்தபோது கால் ஒரு பக்கமாக இழுத்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உயரத்தில் தலையிடி பலருக்கும் வரும். நடை தள்ளாடினால் காத்திருக்கக்கூடாது.

"கீழ போகவேணும் ஜூட். இப்பவே."

"படுத்தெழும்பினால் சரிவரும். நாளைக்கு லுப்ரா இறக்கத்துக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது" என்றார். லுப்ரா இறக்கம் என்பது முக்திநாத்திலிருந்து மலை விளிம்பு வழியாக ஆற்றுப்படுகை வரை விழும் ஒற்றையடிப் பாதை. அதன் வீடியோவை நாங்கள் மாதக்கணக்காக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

"மச்சான், அவ மருந்தாளர். நீ இல்லை" என்றான் சுரேன்.

"அப்ப நான் தனியப் போறன். நீங்கள் மூண்டு பேரும் ஓடுங்கோ."

"நீர் தனியப் போகேலாது. நான் வாறன்" என்றேன்.

பசாங் ஜீப் ஒன்றைப் பிடித்துத் தந்தார். டிரைவர் ஜூட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, விலை பேசாமலே கதவைத் திறந்தார். சைக்கிள்கள் கூரையில். ஒவ்வொரு வளைவிலும் ஜூட்டின் தலை என் தோளில் வந்து இடித்தது. மூன்றாவது வளைவுக்குப் பிறகு அவர் அதை எடுக்கவில்லை, நானும் அசையவில்லை. கோயில் வாசலைக்கூட நான் பார்க்கவில்லை. அம்மாவுக்காக முக்திநாத் தீர்த்தத்தைப் போத்தலில் பிடித்து வந்தது, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளையான மெலனிதான்.

கக்பேனிக்கு இறங்கியதும் வாந்தி நின்றது. காலையில் தலையிடியும் போய்விட்டிருந்தது. மற்றவர்கள் வரும் வரை, தங்குமிடத்தின் கண்ணாடி போட்ட மேல்மாடியில் வெயில் காய்ந்தபடி உள்ளிப்பூண்டுச் சூப் குடித்தோம். வெளியே காற்று எழும்பி, காய வைத்திருந்த அப்பிள் துண்டுகளுக்கு மேல் போட்ட துணியைப் படபடவென்று அடித்தது.

"உமக்கும் இறக்கத்தைக் கெடுத்திட்டன்" என்றார்.

"இறக்கம் எங்கயும் போகாது."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ரொறன்ரோவுக்கு வாறீரா நித்யா?" என்றார். "பாக்கிறதுக்கு இல்லை. இருக்கிறதுக்கு."

மூன்று வருஷம் நான் காத்திருந்த கேள்வி. வந்தபோது சந்தோஷம் வர முன்னம் பயம் வந்தது. அம்மா வெள்ளவத்தையில் தனியாக இருப்பா. அங்கே போய் மருந்தாளராக மறுபடி சோதனை எழுத வருஷங்கள் போகும். அதைவிட இன்னொன்று உறுத்தியது.

"அங்க தனிமையா இருக்கெண்டு கேக்கிறீரா, இல்லை என்னைக் கேக்கிறீரா?"

அவர் சிரிக்கவில்லை. சட்டென்று ஏதாவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். "யோசிச்சுச் சொல்லட்டா?" என்றார்.

"சொல்லும்."

பகல் தாண்டி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மெலனியும் சுரேனும் பசாங்கோடு வந்து சேர்ந்தார்கள். தலை முதல் கால் வரை சாம்பல் தூசி, பல் மட்டும் வெள்ளை. "அக்கா, சொல்லேலாது! சொல்லவே ஏலாது!" என்று மெலனி என்னைக் கட்டிப்பிடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்குத் தூசியைச் சாட்டிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் எதிர்க்காற்றுக்குப் பயந்து விடியவே புறப்பட்டோம். மார்ஃபாவில் வெள்ளையடித்த கல் வீடுகளும் அப்பிள் தோட்டங்களும். அங்கிருந்து தாத்தோபானி வரை இறக்கமும் சேறும் கல்லும், இடையிடையே ஆற்றையும் கடக்க வேண்டியிருந்தது. தாத்தோபானியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. தொடை நோவுக்கு அதைவிட நல்ல மருந்து என் பாமஸியில் இல்லை. அந்த வழி முழுக்க ஜூட் எனக்குப் பின்னால்தான் வந்தார். அவருடைய பிரேக் கீச்சிடும் சத்தத்தைக் கேட்டபடியே ஓடினேன். சத்தம் தூரமானால் மெதுவாக்கினேன். இறங்கி நின்று கேட்டிருக்கலாம். யோசிக்கிறேன் என்றவரை அவசரப்படுத்த மனம் வரவில்லை.

அவர் சொன்னது காத்மண்டு விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனை வரிசையில், பையைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு. "உம்மைத்தான் கேட்டனான். தனிமை எல்லாருக்கும் இருக்கு. நான் ஒவ்வொரு நாளும் காலமை நினைக்கிறது உம்மடை மணிச் சத்தத்தை."

"இதை மார்ஃபாவில சொல்லியிருக்கலாமே?"

"உமக்குப் பின்னால வரக்குள்ள, இப்படியே போனாப் போதும் எண்டு இருந்தது."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவருடைய விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. என் விமானம் பிந்தித்தான், நான் வரிசையிலிருந்து விலகி நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

இனி நீங்கள் கேட்டவை. அந்தப் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்குள் போகும் அனுமதிக்கு என்னிடம் ஆயிரம் நேபாள ரூபா எடுத்தார்கள், சார்க் அல்லாத நாட்டவருக்கு இன்னும் கூடுதல். எங்களுக்கு ஏற்ற காலம் மழை விட்ட ஐப்பசி. பெண்கள் தாராளமாகப் போகலாம். கக்பேனியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு முக்திநாத்துக்கு ஏறுங்கள். தூரத்திலிருந்து பறந்து வந்தவர் யாரும் உங்களோடு இருந்தால் இரண்டு நாள் தங்குங்கள். எங்கள் பிழை அங்கேதான்.

இன்னொன்று. வெவ்வேறு நாட்டிலிருந்து வரும் சிநேகிதர்களோடு போகிறீர்கள் என்றால், பயணத்தின் கடைசியில் ஒன்றும் செய்யாத இரண்டு நாளை விட்டுவையுங்கள். மலையில் எல்லாருக்கும் மூச்சு வாங்கும், பேச்சு வராது.

எங்கே இருப்பது, அம்மாவை எப்படிப் பார்ப்பது என்பதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. சித்திரையில் அவர் லீவில் கொழும்புக்கு வரும்போது கதைக்க வேண்டும். அவரோடு இருப்பேனா என்ற மற்றக் கேள்விக்கான பதிலை, வந்து நாலாம் நாள் வேலை முடிந்து வீடு வந்து, போனில் சொன்னேன். ரொறன்ரோவில் அப்போது விடிகாலை. அவர் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார், காற்று இரைந்தது.

"விளங்கேல்ல நித்யா, திருப்பிச் சொல்லும்" என்றார்.

திருப்பிச் சொன்னேன். "ஓம் ஜூட். ஓம்."