படத்தின் முதுகு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை, கேளுங்கள்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம். மலாக்காவில் ஒரு சீன முதலாளியின் ஏலக்கடையில் பழைய சாமான்களுக்கு மதிப்புப் போடுவது என் வேலை. என் மனைவி தங்கம் பிரசவத்துக்குக் கப்பலேறி ஊருக்குப் போனவள், அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. கடைக்கு மேலே ஓர் அறையில் நான் மட்டும் இருந்தேன். யாராவது கூப்பிட்டால்தான் அன்றைக்கு என் குரலே எனக்குக் கேட்கும்.

பக்கத்து ஊரான மெர்லிமாவில் சலவைக்கடை வைத்திருந்த ஜப்பான்கார அம்மா, ஒரு படம் விற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பஸ் பிடித்துப் போனேன். மத்தியானம், நல்ல மழை. படத்தில் பனி விழும் மரப்பாலம், அதில் குடை பிடித்து ஒரே ஓர் ஆள் நடந்துபோகிறான். அந்த அம்மா புருஷன் செத்த பிறகு தனியாகவே கிடந்த மனுஷி. படம் அசலாக இருந்தால் விற்று ஜப்பானுக்குக் கப்பலேறிவிடுவார், இல்லையென்றால் இங்கேயேதான்.

"அசலா, கிராணி?" என்று மலாயில் கேட்டார். கணக்கு எழுதுகிற ஆட்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அதற்குப் படத்தைத் திருப்ப வேண்டும். இயந்திரத்தில் அடித்தது என்றால் முதுகு வெள்ளையாக இருக்கும். மரக்கட்டையில் மை பூசி, தாளை வைத்துத் தேய்த்தது என்றால் சாயம் பின்பக்கம் வரை ஊறியிருக்கும். திருப்பினேன். ஊறியிருந்தது. பாலம், குடை, அந்த ஆள். அவன் பக்கத்தில், இடுப்பில் துணி மூட்டையோடு ஒரு பெண்.

நம்பினால் நம்புங்கள், முன்பக்கம் அவள் இல்லை. ஜன்னலோரம் போய் நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிமிர்ந்தால் அந்த அம்மா இடுப்பில் சலவை மூட்டையோடு நிற்கிறார்.

பயப்படுவார் என்று நினைத்தேன். வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்துபோயிற்று. "இந்த ஆளு நடக்கிறது என் வீட்டுக்காரர் மாதிரியே இருக்குன்னுதான் இத வாங்கினோம். இனிமே விக்க வேணாம்லா" என்றார். பிறகு என்னையே பார்த்து, "உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லம்மா" என்றேன்.

அவர் கப்பலேறவே இல்லை. சில மாதம் கழித்துத் தூக்கத்திலேயே போய்விட்டாராம். பக்கத்துக் கடைச் சீனர் அந்தப் படத்தைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, "ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றார். பிரித்துப் பார்த்தேன். முன்பக்கமே, ஒரு குடைக்குக் கீழே இரண்டு பேர்.

அன்றே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன். எத்தனையோ படங்களைத் திருப்பிப் பார்த்த கை இது, இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை திருப்பவில்லை. பின்பக்கம் தங்கம் நின்றால்கூட எனக்குப் பயமில்லை. அவள் அங்கே இல்லாமல் போனால்தான் தாங்காது.