எரியாத வீட்டின் தீ

மொன்றியலின் லாசால் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் என்ன மணம் கிளம்பினாலும் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். கருவாடு பொரித்த நாளில் தட்டினால் அது நியாயம். அன்று நடைவழியில் நிறைந்திருந்தது மண்ணெண்ணெய் போன்ற ஒரு மணம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் வாசலில் நின்று பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். கர்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் பிரெஞ்சு பழகிய என் மகள் நிரோஜா, "அம்மா, நாங்கள் நெருப்பு வைக்கப் போறமாம்" என்று எனக்குச் சொன்னாள். எண்ணெய் ஏதாவது வீட்டுக்குள் வைத்திருக்கிறோமா என்றுதான் அவர் கேட்டிருப்பார். ஆனால் எங்கள் அகதி வழக்கு முடிந்து அதிக நாளாகவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் மகளை என் பின்னால் இழுத்துக்கொண்டேன். அப்போது எதிர்க் கதவு திறந்தது. சாயம் படிந்த ஆண் சட்டையுடன் நரைத்த தலைப் பெண்ணொருவர் வெளியே வந்து, "அது நான் சாயம் கரைக்கிற டர்பன்டைன். அவர்களை விடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஹெதரை நான் அறிந்தது அப்படித்தான். அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண் பக்கத்து மலையடிவாரத்தில் பிறந்தவர். மொன்றியல்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்தார். மணவாழ்வு முறிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. இரண்டு அறை வீட்டில் வெளிச்சமான அறையை ஓவியத்துக்குக் கொடுத்துவிட்டு, தான் முன்னறைச் சோபாவில் படுத்தார். கோடை முடிகிற நேரத்தில் ஒரு நாள், தான் வரைவதற்காக வந்து அமர முடியுமா என்று என்னிடம் கேட்டார். என் கணவர் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்பரவு செய்யும் வேலை பார்த்தார். அவருக்கு இது பிடிக்கவில்லை. "முகத்தைப் படமாய்க் கீறி எங்க கொண்டுபோய்த் தொங்கவிடுவாவோ தெரியாது" என்றார். ஆனாலும் மாலை வேலைக்குப் போகுமுன் நான் அங்கே போய் அமரத் தொடங்கினேன். இந்த நாட்டுக்கு வந்தபின் என் முகத்தை ஒருவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. குடிவரவு அதிகாரிகள்கூடத் தாளைத்தான் பார்த்தார்கள்.

வரையும்போது ஹெதர் பேசிக்கொண்டே இருப்பார். களைத்துப்போனால் திரையை இழுத்துவிட்டு, சுவரில் தன் சிநேகிதிகளின் ஓவியங்களை ஸ்லைட் போட்டுக் காட்டுவார். எல்லோரும் அவுஸ்திரேலியப் பெண்கள், எல்லோரும் அப்போது வரைந்துகொண்டிருந்தவர்கள். ஒருவர் சலவை இயந்திரத்தின் மேல் கன்வஸை வைத்து வரைவார். பிள்ளைகளின் உடுப்பு சுழன்று முடியும்வரைதான் அவருக்கு நேரம் என்பதால் அவருடைய படங்களெல்லாம் சிறியவை, அவசரமானவை, அழகானவை. இன்னொருவர் ஆணென்று நினைக்கட்டும் என்று பெயரின் முதலெழுத்துகளால் மட்டும் கையொப்பமிட்டார். அந்தத் தந்திரம் தெரியவந்த பிறகு கலைக்கூடக்காரர் விலையைக் குறைத்தார். பாலைநிலத்தின் ஆதிக்குடிப் பெண்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஹெதரின் குரல் தாழ்ந்துவிடும். அவர்களுக்குச் சாயம் கலந்து கொடுக்கும் உதவியாளராக ஒரு பருவம் அங்கே இருந்திருக்கிறார். அந்தப் பெண்கள் கன்வஸை நிலத்தில் விரித்து, சுற்றிவர அமர்ந்து, எல்லாப் பக்கமிருந்தும் வரைவார்களாம். அங்கே ஒரு நாள் ஹெதர் தூரத்து மலையொன்றை வரைந்திருக்கிறார். ஒரு பெண் வந்து பார்த்துவிட்டு, அந்த மலையின் கதை என் அத்தையுடையது, அவளைக் கேட்டாயா என்றாளாம். அதன்பிறகு ஹெதர் நிலத்தை வரைவதை நிறுத்திவிட்டார். முகங்கள் மட்டுமே வரைந்தார்.

நானும் என் கதையைச் சொன்னேன். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அப்பா கட்டிய வீடு, அதன் வாசலில் நீலக் கேற், அங்கே தனியாக இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் மனோகரி அக்கா. எல்லோரும் கூப்பிட்டும் அக்கா அந்த வீட்டை விட்டு அசையவில்லை. வீடு இன்னும் இருக்கிறதா என்று ஹெதர் கேட்டார். எங்களுக்கு அந்த வீடு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இனி நாங்கள் அங்கே போய் வாழப்போவதில்லை என்ற எண்ணத்தில் சொன்ன வார்த்தை அது. ஹெதர் தூரிகையைக் கீழே வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு சின்னச் சொல்லுக்கு இவ்வளவு இரக்கமா என்று நினைத்தேன்.

அந்த ஐப்பசியில்தான், தொண்ணூற்றைந்தில், கியூபெக் கனடாவிலிருந்து பிரிவதா என்ற வாக்கெடுப்பும் வந்தது. ஒரு மின்கம்பத்தில் ஆம் என்பதற்கு 'வுய்' என்று அட்டை தொங்கும், அடுத்ததில் இல்லை என்பதற்கு 'நோன்'. பிரிந்துவிட்டால் வந்தேறிகளின் தாள் செல்லுமோ செல்லாதோ என்று விமான நிலையத்தில் பேசிக்கொள்வதாக என் கணவர் தினமும் ஒரு புதுப் பயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஊரில் ஆமி எங்கள் வலிகாமப் பகுதிக்குள் இறங்கிவிட்டது. பொழுது ஐந்து மணிக்கே மங்கத் தொடங்கியது. அப்படியான ஒரு மாலையில் ஹெதர் தன் அறைக்குள் என்னைக் கூட்டிப்போய், இவ்வளவு நாளும் எனக்குக் காட்டாத படத்தைத் திருப்பினார்.

நான் கதிரையில் அமர்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் ஒரு யன்னல். யன்னலுக்கு அப்பால் நீலக் கேற். கேற்றுக்கு உள்ளே எங்கள் வீடு எரிந்துகொண்டிருக்கிறது. வானம் முழுவதும் செம்மஞ்சள். படத்தில் இருக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் கை வைத்தபடி இருக்கிறேன்.

வீட்டில் யாராவது வாய்தவறி அபசகுனமாக ஒன்று சொன்னாலே அடக்குகிற பழக்கத்தில் வளர்ந்தவள் நான். எரியாத வீட்டுக்கு ஒருத்தி சாயத்தால் தீ வைத்திருக்கிறாள். அழகாக இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

வாக்கெடுப்பு நாளில் எங்களுக்கு வாக்கில்லை. வாக்களித்துவிட்டு வருகிறவர்களின் முகங்களை யன்னலில் நின்று பார்த்தேன். மயிரிழையில் 'நோன்' வென்றது. அதே நாளில் யாழ்ப்பாணம் முழுவதும் வீடுகளைவிட்டு வெளிக்கிட்டு, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தால் நடந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. ரொறன்ரோவில் செய்தி கேட்டவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். அக்காவைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. கொழும்பிலிருந்த உறவினரும் கையை விரித்தார்கள். கண்ணை மூடினால் எனக்குப் பாலமோ மழையோ தெரியவில்லை. ஹெதரின் செம்மஞ்சள் வானம்தான் தெரிந்தது.

கார்த்திகைக் கடைசியில் அந்தப் படத்தோடு ஹெதரின் கண்காட்சி நடக்கவிருந்தது. எதிர்க் கதவைத் தட்டினேன். வீடு எரியவில்லை, நான் சொன்ன அர்த்தம் வேறு, அக்கா அதற்குள் இருந்தாவோ தெரியாது என்று சொல்லி முடித்தேன். ஹெதர் வெளிறிப்போனார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அது உன் ஊர்த் தீ இல்லை. எனக்கு ஒன்பது வயதில் காட்டுத்தீ வந்தது. எங்கள் வீடு எரிந்ததை வண்டியின் பின் கண்ணாடியால் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இப்போதுதான் அதை வரைய முடிந்திருக்கிறது."

எனக்கு அந்தச் சிறுமியை நினைக்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"தீ உங்களுடையது. கேற் எங்களுடையது. மலைக்காரியைக் கேட்காமல் மலையை வரைந்தது பிழை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

நான் எழுந்து வந்துவிட்டேன். "அது படம்தானே, விடும்" என்றார் என் கணவர். அடுத்த நாட்களில் எதிர்வீட்டுக்குள்ளிருந்து ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டர்பன்டைன் மணம் எங்கள் தலையணைவரை வந்தது.

கண்காட்சிக்குப் போனேன். படத்தில் வீடும் இல்லை, கேற்றும் இல்லை. எனக்குப் பின்னால் அந்த வானம் மட்டும் இருந்தது. கையில் வைன் கிண்ணத்தோடு ஒருவர் வந்து நின்று, எவ்வளவு அமைதியான சூரிய அஸ்தமனம் என்று மனைவியிடம் சொன்னார். ஹெதர் அறையின் அடுத்த பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். தன் தீக்கு ஒரு வீடு கிடைத்தபோது, அதை என் சொல்லுக்காகத் தன் கையாலேயே சுரண்டி எடுத்திருக்கிறார். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போய் அவர் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

தை பிறந்த பிறகு, அக்கா கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறா என்று தகவல் வந்தது. ஆனியில், ஊருக்குப் போய் வீட்டைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு வந்து அவவே தொலைபேசி எடுத்தா. வீடு எரிந்ததா என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

"எரியேல்லையடி. செல் விழுந்து நடுக்கூரை போட்டுது. கதவு யன்னலெல்லாம் கழட்டிக்கொண்டு போட்டினம். கேற் மட்டும் பூட்டினபடி நிக்குது. திறப்பு என்னட்டைத்தான் இருக்கு" என்றா.

இங்கே வந்துவிடுங்கோ என்று கெஞ்சினேன். "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டா. மறுபடி ஊருக்கே போய்விட்டா.

அடுத்த குளிர்காலத்தில் மெல்பேர்ணில் ஹெதரின் சிநேகிதிகள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். என் படத்தைக் கொண்டுபோகலாமா என்று ஹெதர் இந்தமுறை கதவைத் தட்டிக் கேட்டார். ஓம் என்றேன். போய்ச் சேர்ந்து அங்கிருந்து தொலைபேசி எடுத்தார். படத்தின் கீழே ஒட்டும் அட்டையில் என் பெயர் இருக்கிறதாம். எந்த ஊர்ப் பெண் என்று போடட்டும் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்று சொல்லுமென்றார் என் கணவர். நிரோஜா தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமல் பிரெஞ்சு உச்சரிப்பில் "மொன்றியால்" என்றாள். நான் இரண்டுக்கும் வாய் திறந்தேன், இரண்டும் வரவில்லை. பெயர் போதும் என்றேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இங்கத்தைய தை மாதம் தெரியாது. கண்காட்சி நடந்த வாரத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகப் பேருந்துத் தரிப்பில் நின்றேன். காற்று தோலைக் கிழித்தது. கம்பளிச் சால்வையை மூக்குக்கு மேலே இழுத்து, தொப்பியைப் புருவத்துக்குக் கீழே இறக்கியிருந்தேன். பக்கத்தில் நின்றவருக்கு நான் எந்த நிறம் என்றுகூடத் தெரிந்திருக்காது. அந்த நாட்களில் மெல்பேர்ணில் கோடை வெயிலில் வியர்த்து வந்த முன்பின் தெரியாத மனிதர்கள் என் முகத்தின் முன்னால் நின்று அதை முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.