பிளஸ் அக்கா

முதலில் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்கிறார். பிறகு இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து, சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டவர்போலக் காற்றில் நிறுத்துகிறார். உதடுகள் இறுகுகின்றன. ஒரு விநாடி. வலது சுட்டுவிரல் இறங்கிக் கூட்டல் குறியை மூன்று முறை தட்டுகிறது. கைகள் மறுபடியும் மேலே. இன்னொரு விநாடி. திரையில் OK என்று வந்ததும், அடக்கி வைத்திருந்த மூச்சும் பேச்சும் ஒன்றாக வெளியே வருகின்றன. "ஆங், எங்க விட்டேன்? என் நாத்தனார் அன்னைக்குக் கதவைத் திறக்கவே இல்லைன்னு சொன்னேனா?"

இணைப்பில் இருக்கும்போது நாம் அடிப்பதையெல்லாம் எதிர்முனைக்குப் போகவேண்டிய செய்தி என்றே, கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் பெட்டியான மோடம் நினைத்துக்கொள்ளும். "உன்னிடம்தான் பேசுகிறேன்" என்று அதற்கு உணர்த்த, முன்னும் பின்னும் ஒரு விநாடி அமைதி விட்டு மூன்று கூட்டல் குறி போடவேண்டும். அதற்கு வேண்டியது விரல்களின் அமைதிதான். வாய் ஓடிக்கொண்டிருந்தால் அது கண்டுகொள்ளாது. யாரோ இதை ஒருநாள் அக்காவுக்கு எடுத்துச் சொன்னார்கள். "தெரியும் கண்ணு. ஆனா என் வாயும் கையும் ஒரே ஒயர்ல ஓடுது. ஒண்ணு நிக்காம இன்னொண்ணு நிக்காது," என்றார்.

குடிநீர் அலுவலகத்தின் மாடியில், சன்னலை ஒட்டிய மேசை அவருடையது. ஊரைச் சுற்றியும் தொலைவில் மலைமேலுமாகப் பதினொரு தொட்டிகள்; ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி, ஒரு மோடம். அரைமணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றாக அழைத்து நீர்மட்டத்தைக் கேட்டு எழுதுவது அக்காவின் வேலை. அவருடைய மோடம் கவிழ்த்துவைத்த இரண்டு தேநீர்த் தட்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. "அடியில காத்து வேணும் அதுக்கு. எனக்கு மட்டும் இந்த ஆபீஸ்ல யாரும் ஃபேன் போடமாட்டாங்க." இணைப்பு கிடைக்கும்போது எழும் கிறீச்சிடலைத் தலையைச் சாய்த்துக் கேட்பார். "இது ஆறாம் நம்பர். என்னைக்கும் மூக்கடைச்ச குரல்." பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறினால், "காது குத்தினப்பவே ஆசாரி சொன்னான், இந்தக் காது தோடு போடத்தான் ஆகும்னு" என்று தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்வார்.

வெளி அழைப்புக்கு ஒன்பதை அடித்துவிட்டு அவர் ஒரு காற்புள்ளி போடுவார். இரண்டு விநாடி பொறு என்று மோடத்துக்கு அது கட்டளை. யாராவது மேசை முன் நின்று அவசரப்படுத்தினால் அவர்களுக்கும் அதேதான்: ஒரு விரலைத் தூக்கி, "கமா!" வீட்டிலும் இந்த மொழி பரவிவிட்டது. "நான் பேச ஆரம்பிச்சா எங்க வீட்டுக்காரர் 'ஏடி எம் ஜீரோ'ன்னு கத்துவார். ஸ்பீக்கரை அணைக்கிற கட்டளை. என்ன பண்றது, என் மாடல்ல அந்த வசதியே இல்லை."

மலைத்தொட்டிக் காவலாளியின் விஷயம் ஒரு திங்கட்கிழமை வந்தது. வாரத்தில் அந்த ஒருநாள்தான் அவருக்கு மாற்று ஆள் உண்டு. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு பொறியாளரின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"சார், மேல இருக்கிறது ஒரே போன். முதல் மணி அடிக்கும்போதே உங்க பெட்டி எடுத்துடுது. என் பொண்ணு காதுல கீய்ய்னு கத்துது. மூணு தடவை கூப்பிட்டுப் பயந்து வச்சிட்டா."

"நீங்க கூப்பிடுங்களேன்."

"அந்தப் போன்ல வெளிநாட்டுக்குப் போகாது சார். வியாழக்கிழமை அவளுக்கு நெஞ்சுல ஆபரேஷன். புதன்கிழமை கூப்பிடுறேன்னு லெட்டர் போட்டிருக்கா. உள்ள போறதுக்கு முன்னால ஒரு வார்த்தை பேசிட்டா போதும். பெட்டியைப் பூட்டி வச்சிருக்கீங்க, இல்லைன்னா ஒயரையாவது பிடுங்கியிருப்பேன்."

பொறியாளர் கல்நெஞ்சர் இல்லை. வெகுநேரம் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். "முதல் மணியிலேயே எடுக்கணும்கிறது மேலிடத்து உத்தரவுப்பா. நான் மாத்தச் சொல்லி, அந்த நேரம் பார்த்துத் தொட்டி வழிஞ்சா யார் பதில் சொல்றது?"

அக்கா நாத்தனார் கதையை நிறுத்தவில்லை. காவலாளி வெளியேறும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "அண்ணே, தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

மறுநாள் செவ்வாய். மாதம் ஒருமுறை பதினொரு மோடங்களின் அமைப்பையும் இங்கிருந்தே சரிபார்க்கும் நாள். மதியத்துக்குள் மலைத்தொட்டி பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, மோடம் எடுக்கவில்லை. அக்கா எழுந்து நின்று அறை முழுவதற்கும் அறிவித்தார்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. சாவியை உள்ள வெச்சு வீட்டைப் பூட்டிட்டு வந்த மகராசி நான்தான். எத்தனாவது மணிக்கு எடுக்கணும்னு அதுக்கு ஒரு எண் உண்டு. ஒண்ணுன்னா முதல் மணி. சுழியம்னா எடுக்கவே எடுக்காது. நான் ஒண்ணுக்குப் பதிலா சுழியத்தை அடிச்சு, அதைச் சேமிச்சும் வெச்சுட்டேன். இனி எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் வராது. எங்க வீட்டுக்காரர் மாதிரி."

பொறியாளர் சிரிக்கவில்லை. "ஏம்மா, இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுவா பண்ணுவீங்க?"

"இத்தனை வருஷம் ஆச்சு இல்லையா சார், ஏதாவது புதுசா பண்ண வேண்டாமா?"

போய்த்தான் சரிசெய்ய வேண்டும். ஜீப் பட்டறையில் கிடந்தது, வியாழன்தான் கிடைக்கும். அதுவரை காவலாளியே தொட்டியின் அளவுகோலைப் பார்த்து மணிக்கொரு முறை போனில் சொன்னார். புதன் மாலை அழைப்பில், "பதினோரு அடி... பொண்ணு பேசினாம்மா," என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னாராம். "பார்த்தீங்களா, நான் மண்டுவா இருந்தாலும் யாருக்காவது ஆகுது," என்று அக்கா எல்லோருக்கும் சொல்லி முடித்து, முதலில் கேட்டவர்களுக்கு மறுபடியும் சொன்னார்.

வியாழக்கிழமைப் பயணத்தை இன்றைக்கும் கேட்டால் சொல்வார். "அறுபது கிலோமீட்டர், கணக்கில்லாத வளைவு, ரெண்டு தடவை வாந்தி. எதுக்கு? 'ஒண்ணு'ன்னு ஒரே ஒரு எழுத்து அடிக்க. ஓகேன்னு வந்தது பாருங்க, என்னைப் பார்த்துச் சிரிச்ச மாதிரியே இருந்தது." திரும்பி வந்ததும் திரையின் ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டினார்: "ஒன்று இடது ஓரம். சுழியம் வலது ஓரம். மறக்காதே, மண்டு." அந்தக் காகிதம் மஞ்சளாகி இன்னும் இருக்கிறது. வருகிறவர்கள் படித்துச் சிரிக்கிறார்கள்.

பணிப்பதிவேட்டில் பொறியாளர் "கவனக்குறைவு" என்று எழுதவேண்டி வந்தது. விளக்கக் கடிதத்தை அக்காவே எழுதி, தருவதற்கு முன் அறைக்கே வாசித்துக் காட்டினார். அந்த ஆண்டு முறைப்படி அவருக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி, எந்த விசை எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவருக்குப் போனது. "நல்லதாப் போச்சு. மேற்பார்வையாளர்னா கம்மியா பேசணுமாமே."

இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் ஒன்று தெரியவந்தது. அந்த அறையில் அடிக்கும் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு அச்சுப்பொறி நேரத்தோடு பதிவுசெய்யும். தாள்களை யாரும் பார்ப்பதில்லை, கிடங்கில் கட்டிப்போட்டுவிடுவார்கள். கிடங்குக்காரர் பழைய கட்டுகளை அவிழ்த்தபோது அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளும் கிடைத்தது. மலைத்தொட்டிக்கு எதிரே, 11.04 மணிக்கு ATS0=0, எத்தனாவது மணிக்கு எடுக்கவேண்டும் என்ற எண்ணைச் சுழியமாக்கும் கட்டளை. அடுத்த வரியில் 'ATS0?': இப்போது என்ன எண் வைத்திருக்கிறாய் என்று கேட்கும் கட்டளை. மற்ற பத்துத் தொட்டிகளிடமும் அன்று அவர் அதைக் கேட்கவில்லை. 000 என்று பதில் வந்திருக்கிறது. அதன்பின் ஐந்து நிமிடத்துக்கு எந்த வரியும் இல்லை. 11.09-க்கு, சேமித்துக்கொள் என்ற AT&W.