ஏலத்தில் எடுத்த கொள்ளுப்பாட்டனார்

வட்டாட்சியர் அலுவலகத்தில் எத்தனையோ வாரிசுச் சான்றிதழ்களுக்கு விசாரணைக் குறிப்பு எழுதியிருக்கிறேன். மனுவும் விசாரணையும் இல்லாமல் ஒருவர் ஒரே மாலையில் குடும்பத்தின் மூதாதை ஆனதை எங்கள் வீட்டில் மட்டுமே கண்டேன்.

நான் பள்ளியில் படித்த காலம். செங்கல்பட்டில் ஒரு பழைய பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டபோது, என் மாமா அந்த எண்ணெய் ஓவியத்தை எடுத்து வந்தார். சட்டம் உடைந்து போயிருந்ததால் மலிவு. தலைப்பாகை, நீண்ட அங்கி, முறுக்கிய மீசை, நாற்காலியின் முதுகில் ஒரு கை. கும்பினி வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்த யாரோ பெரிய மனிதர். மாமாவுக்குக் கடப்பாக்கத்தில் பெண் பேசியிருந்தது. பெண்ணின் தகப்பனார் கருவாட்டு மொத்த வியாபாரி. பரம்பரை பார்த்துத்தான் பெண் கொடுப்பார் என்று தரகர் பயமுறுத்தியிருந்தார். மாமாவிடம் இருந்ததோ ஒரு சைக்கிள் கடை. ஆகவே பரம்பரையைச் சுவரில் மாட்டினார்.

ஒரே இடைஞ்சல், பெரியவரின் காதில் கடுக்கன் மின்னியது. பாய் வீட்டுப் பாட்டனாருக்கு அது ஆகாது. பஸ் ஸ்டாண்டில் போர்டு எழுதும் பெயின்டர் வந்து, காது மறையும்வரை கருகருவென்று தாடி வளர்த்துவிட்டுப் போனார்.

"தொழுவுற எடத்துல இன்னாடா படம்?" என்று அம்மா கத்தினாள். தொழுகை நேரத்தில் மூடிவிடுவதென்று சமரசம் ஆனது. மூடும் பொறுப்பு எனக்கு.

மறுநாள் பெண்ணின் தகப்பனார் வந்து படத்தை அண்ணாந்து பார்த்தார். "எங்க கொள்ளுப்பாட்டனாரு," என்றார் மாமா, நாக் கூசாமல். அப்போது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. நான் முக்காலியில் ஏறி, அம்மாவின் வெள்ளைத் துப்பட்டியைப் படத்தின்மேல் போட்டு இறுக்கிக் கட்டினேன். எண்ணெய்ச் சாயம் ஒரே இரவில் காயாது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

தொழுது முடித்து உருவியபோது, தாடி துப்பட்டியோடு வந்துவிட்டது. கடுக்கன் பளிச்சென்றது.

மாமா வெளிறிப் போனார். வந்தவர் துப்பட்டியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, நாம தொழுதுகினு இருந்தப்போ ஒங்க பாட்டனாரு ஷேவிங் பண்ணிக்கினாரா?"

மாமா என் கையிலிருந்த துப்பட்டியைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"பொண்ணு வேணுமா, வாணாவா?"

"வேணும்," என்றார் மாமா, அழாக்குறையாக.

"ஒன் சைக்கிள் கடைய வர்ற வழியிலயே பாத்துட்டேன். அது போதும். ஆனா நிக்காஹ் முடிஞ்சதும் இந்தப் படம் எங்க வூட்டுக்கு வந்துடணும்."

புறப்படும்போது என்னைத் தனியே அழைத்து, "அந்த பெயின்டரு எங்க ஒக்காந்துகினு கீறாரு?" என்று கேட்டார். வழி சொன்னேன். ஓவியத்தின்மேல் ஒரு கருவாட்டு வியாபாரிக்கு இவ்வளவு பிரியமா என்று வியந்தேன். வரப்போகும் மாமிக்குக் கல்யாணமாகாத தங்கைகள் மூன்று பேர் இருந்ததை நான் இதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.