வீட்டில் நடமாட்டம் உள்ளது

நெதர்லாந்தில் நான் குடியிருக்கும் வீட்டில் விளக்குகளுக்கு சுவிட்ச் கிடையாது. ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன், சட்டென்று அறை இருண்டுவிடும். நான் இல்லை என்று வீடு முடிவு செய்திருக்கும். இருக்கிறேனப்பா என்று கையை ஆட்டிக் காட்ட வேண்டும். வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. இப்போது இருட்டாவதற்கு முன்பே கையை ஆட்டிவிடுகிறேன். ஆனால் குறை சொல்லவும் முடியாது, இப்படிப்பட்ட வீடுகளை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. முதலில் இணையப் பக்கங்களை வரைந்தோம், பிறகு கைப்பேசித் திரைக்கு வந்தோம். இப்போது திரையே வேண்டாம், சுவரும் கதவும் கணினியாகட்டும் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வடிவமைத்துச் சம்பளம் வாங்குகிறேன்.

தனியாக வாழும் முதியவர்களுக்காக எங்கள் குழு செய்ததைச் சித்தூரில் அம்மாவின் வீட்டிலும் பொருத்தியிருந்தேன். அப்பா போன பிறகு அங்கே அம்மா மட்டும்தான். கேமரா கூடாது என்றுவிட்டார். "நான் குளிச்சிட்டு வர்றதக்கூட நீ பாத்துக்கினு இருப்பியா?" என்று ஒரே போடு. அதனால் கதவிலும் விளக்குகளிலும் சின்னச் சின்ன சென்சார்கள், சமையலறையில் பேசவும் கேட்கவும் ஒரு ஸ்பீக்கர், அவ்வளவே. காலையில் வாசல் கதவு திறந்தால், சாயங்காலம் சாமி அறையில் விளக்கு எரிந்தால், என் கைப்பேசியில் பச்சையாக ஒரு வரி வரும்: வீட்டில் நடமாட்டம் உள்ளது. அம்மா நலம் என்று அதற்குப் பொருள். அது வராமல் எனக்கு வேலை ஓடாது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மதிய இடைவேளையில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம். குரல் தேய்ந்திருந்தது. "அசதியா கீதுடா, கட்டில்ல படுத்துக்கினு கீறேன். நீ துன்னியா?" என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, கைப்பேசி அதிர்ந்தது. சமையலறையில் நடமாட்டம். அடுத்து சாமி அறை விளக்கு.

"அம்மா, வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"யாரு வரப்போறாங்க? நான் மட்டுந்தான்."

அம்மா படுத்திருக்கிறார். அம்மா சமையலறையிலும் நடக்கிறார். அழைப்பைத் துண்டிக்காமலே ஸ்பீக்கரைத் திறந்து, "யாரு அது?" என்று சித்தூர் சமையலறைக்குள் கத்தினேன். பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. "ஏசப்பா!" என்று ஒரு பெண் அலறினார். எதிர்வீட்டு எஸ்தர் அக்கா.

"ஐயோ, அவள ஏன்டா பயமுறுத்துற?" என்றார் அம்மா. அப்போதுதான் அவர் குரலுக்குப் பின்னால் யாரோ தெலுங்கில் நர்ஸைக் கூப்பிடுவது என் காதில் விழுந்தது.

முந்தைய வாரமே நெஞ்சு வலி வந்து, நாயுடுபேட்டை மாமா அம்மாவைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் அலிபிரி பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார். சொன்னால் நான் விமானம் ஏறிவிடுவேன் என்று மறைத்துவிட்டார்கள். புறப்படும்போது அம்மா செய்தது ஊரில் எல்லோரும் செய்வதுதான்: சாவியை எதிர்வீட்டில் கொடுத்து, வாசலைக் கூட்டச் சொல்லி, அந்தி நேரத்தில் வீட்டை இருட்டாக விடாதே என்றிருக்கிறார். எஸ்தர் அக்கா ஸ்பீக்கர் வழியே என்னிடம் சொன்னார்: "சாமிக்கு விளக்கு ஏத்தறது என்னால ஆவாதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன் தம்பி. அந்தச் சின்ன பல்ப மட்டும் போட்டுக்கினு வரேன்."

திருப்பதியில் அம்மா குழாய்களோடு கிடந்த நாளெல்லாம் சித்தூரில் இன்னொரு அம்மா நலமாக நடமாடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பார்த்து நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். நான் இருக்கும் இந்த நாட்டில் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. வீட்டுக்குள் காலடி கேட்டால் அது வீட்டுக்காரரின் காலடி. அந்தக் கணக்கில் வரைந்ததைக் கொண்டுபோய், தெருவே உள்ளே வந்துபோகும் வீட்டில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் அந்த வீட்டிலேயே பிறந்தவன்.

அலுவலகத்தில் எங்கள் குழுவில் இருக்கும் வில்லெமிடம் சொன்னேன். "பூட்டை உடைத்தாரா?" என்று கேட்டார். சாவியை அம்மாவே கொடுத்திருந்தார் என்றேன். "அப்படியானால் சம்பளத்துக்கு வரும் பணிப்பெண்." அதுவும் இல்லை என்றேன். "பிறகு யார்?" எதிர்வீடு என்றால் அவருக்குப் புரியவில்லை. கடைசியில் நடையை வைத்தே ஆளைப் பிரித்தறியும்படி அதை மாற்றினோம். புதிய நடை கேட்டால் வீட்டுக்காரரின் கைப்பேசி, இவரைத் தெரியுமா என்று கேட்கும். எஸ்தர் அக்காவை நானே குடும்பத்தில் சேர்த்துவைத்தேன்.

அம்மா தேறி வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு விடுப்பு கிடைத்தது. இளைத்திருந்தார். கூடத்திலிருந்து அவர் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். மேடைமேல் அவருடைய கைப்பேசி சத்தமிட்டது. கண்ணாடி போடாமல் தூரப்பிடித்துப் பார்த்துவிட்டு, 'இல்லை' என்பதை அழுத்தினார். மோசடிக்காரர்கள் பெருகிவிட்டார்கள், கைப்பேசி எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடு என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். "கைய கழுவிக்கினு உக்காரு" என்று தட்டு வைத்தார். என் சட்டைப்பை அதிர்ந்தது. சிவப்பில் ஒரு வரி: உங்கள் அம்மாவுக்குத் தெரியாத ஒருவர் வீட்டில் நடமாடுகிறார்.

பதிலை மாற்றச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா ஜன்னல் வழியே குரல் கொடுத்துவிட்டார்: "எஸ்தரு, புள்ள வந்துகீறான், வா." ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி எஸ்தர் அக்கா உள்ளே வந்தார். கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. குடும்பத்தினர் ஒருவர் வந்துள்ளார் என்று பச்சையில் சொன்னது. அதற்கு மேலே இருந்த சிவப்பு வரி அப்படியே இருந்தது. அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.