கட்டிலைச் சுற்றி வளர்ந்த சபை

எங்கள் மாடி அறையில் ஒரு காலத்தில் அறுபது பேர் கூடி ஜெபம் செய்தார்கள் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. ஒரு கட்டிலும் ஒரு தையல் மிஷினும் போட்டால் மூச்சு முட்டுகிற அறை அது. ஆனால் அறுபதும் உண்மை, அறையும் உண்மை. ஆமென் சொல்லும்போது எல்லோரும் ஒன்றாகச் சொல்லியாக வேண்டும். ஒருவர் முந்தி மூச்சு விட்டால் கதவோரம் நிற்பவர் படியில் உருண்டுவிடுவார். கொசுகூட இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனது.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்ல. கீழ்வீட்டுக்காரி, அவ்வளவுதான் உறவு. அவர்கள் மேலே பாடினால் என் அடுப்படியில் பாத்திரம் தாளம் போடும்.

அந்தக் கட்டிலில் இருந்தவளைக் கட்டிலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். கம்பெனிப் படியில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. அவளுக்காக வேண்டிக்கொள்ள முதலில் வந்தவர்கள் மூன்றே பேர்: முட்டை விற்கிற அம்மா, தபால்காரர், வேதம் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர். மூவரும் கட்டிலைச் சுற்றி நின்று இவள் எழுந்து நடக்க வேண்டும் என்று வேண்டினார்கள்.

இவள் எழவில்லை. நின்று வேண்டியவர்களுக்கோ ஒவ்வொன்றாக நடந்தது. முட்டைக்கார அம்மாவின் பத்து வருடத் தலைவலி போயிற்று. தபால்காரர் குடியை விட்டார். அந்த இளைஞருக்கு வேலை கிடைத்தது என்றே சொல்லலாம், ஏனென்றால் கேள்விப்பட்டு வந்த கூட்டம் அவரையே போதகராக்கிவிட்டது.

கட்டிலக்காவின் கணவர் மின்விசிறி பழுது பார்ப்பவர். சாமி, பூதம் எதையும் நம்பாதவர். ஜெபம் நடக்கும்போது படியில் உட்கார்ந்து விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருப்பார்.

"உங்க ஆண்டவர் தினமும் இந்த வீட்டுக்குத்தான் வர்றாரு. ஆனா குடுக்கறதைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போயிடறாரு. தபால்காரர் கூடவே இருந்தும் விலாசம் மாறுதே, ஓய்!" என்பார்.

தபால்காரர் சளைப்பாரா? "வாசல்ல நீர் வழிய மறிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா அவர் எப்படிய்யா உள்ள போவாரு?" என்பார்.

கட்டிலக்காதான் எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரிப்பாள். எழவில்லையே என்று அவள் அழுது நான் பார்த்ததில்லை. "காலு போனா போகட்டும் அக்கா. ஞாயித்துக்கிழமை இந்த ரூமு நிறையுது பாருங்க, எனக்கு அது போதும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நிறைந்தது. நிறைந்து வழிந்தது. ஒருநாள் படிக்கட்டின் கைப்பிடியே பெயர்ந்து விழுந்ததும் போதகர் வாடகைக்கு ஒரு மண்டபம் பார்த்தார். கட்டிலக்காவிடம் அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அவளே சொல்லிவிட்டாள்: "போங்க தம்பி. பிள்ளை வளந்தா தொட்டில்லயே போட்டு வைக்க முடியுமா?"

அவளையும் கொண்டுபோக ஒருமுறை முயன்றார்கள். நாலு ஆண்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். எங்கள் படி பாதியில் சட்டென்று வளையும். அந்த வளைவில் நாற்காலி சாய்ந்தபோது அவள் போட்ட அலறலில் என் கையிலிருந்த சட்டி உடைந்தது. மயங்கிப் போனாள். அதன்பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கொஞ்ச காலம் முட்டைக்கார அம்மாவும் தபால்காரரும் ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்தார்கள். மூவருமாகப் பாடுவார்கள். பிறகு முட்டைக்கார அம்மா காலமானார். தபால்காரர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். சபையோ மண்டபத்தை விட்டுச் சொந்தக் கட்டடத்துக்குப் போயிற்று. வெளியே கார் நிற்கிற இடம் மட்டும் எங்கள் தெரு அகலம் என்றார்கள்.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. கூட்டம் பெருகிவிட்டதால் தெருவுக்குத் தெரு ஆள் போட்டார்கள். அந்தந்தத் தெருவில் நோயாளிகளைப் போய்ப் பார்த்து ஜெபிப்பதற்கு. எங்கள் தெரு வந்தபோது யாரோ ஒருவர், "அங்க எதுக்குத் தனியா ஆளு? கட்டிலக்கா வீட்டுலதான் எப்பவும் கூட்டம் நடக்குதே" என்றாராம். எல்லோரும் தலையாட்டினார்களாம். புதிதாய்ச் சேர்ந்தவர்களிடமும் பெருமையாகச் சொன்னார்கள்: சபை பிறந்த வீடு, இன்றுவரை அங்கே ஜெபம் ஓயவில்லை என்று. அந்த வீட்டில் ஓயாமல் இருந்தது மின்விசிறி ஒன்றுதான்.

ஞாயிறு தவறாமல் அவள் தலை வாரிக்கொள்வாள். கணவர் பாய்களை விரிப்பார். மத்தியானம் சுருட்டி வைப்பார். இப்படி ஐந்தாறு வருடம். நான் மேலே போய் ஊர்க்கதை சொல்லிச் சிரிக்க வைப்பேன், அவளும் சிரிப்பாள். ஆனால் அவளுக்கு வேண்டியது நாலு குரல் சேர்ந்து பாடுவது. என் குரலைக் கேட்டால் காக்காகூடக் கூட்டத்தைக் கலைத்துவிடும்.

"நான் போய் அந்தப் போதகரை நாலு கேள்வி கேக்கறேன்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அக்கா. கூப்பிட்டு வந்தா அது விருந்தாளி. அவங்களா நினைச்சு வரணும்."

ஒரு ஞாயிறு பாய் விரித்த கையோடு கணவர் படிக்குப் போகாமல் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார். "எங்க, அந்தப் புஸ்தகத்தைக் குடு. நானே படிக்கறேன்."

"நீங்கதான் நம்ப மாட்டீங்களே?"

"படிக்க நம்பிக்கை எதுக்கு? கண்ணாடி போதும்."

அன்றிலிருந்து வாராவாரம் படித்தார். பழைய பெயர்கள் வருகிற இடத்தில் குண்டும் குழியுமான ரோட்டில் மாட்டுவண்டி போவதுபோல் போவார். இவள் திருத்துவாள். பாடவும் செய்தார். அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. செத்தவர்களைப் பற்றி மட்டுமில்லை, இருப்பவர்களைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லக்கூடாது.

சபையின் ஆண்டு விழா வந்தது. வெளியூரிலிருந்து வந்த விருந்தினர்களுக்குச் சபை பிறந்த வீட்டைக் காட்டப் போதகரே அழைத்து வந்தார். கதவு திறந்திருந்தது. விரித்த பாய்கள் காலியாகக் கிடந்தன. கட்டிலோரம் இந்த மனிதர் மட்டும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

"கூட்டம் எங்கண்ணே?" என்றார் போதகர்.

"இதான் கூட்டம்."

"மத்தவங்க?"

"மத்தவங்களைத்தான் நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்களே, தம்பி."

போதகர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேறு யாரோ இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டதை அவர் அழுதுகொண்டே சொன்னபோதுதான் எங்களுக்கே எல்லாம் விளங்கிற்று. கட்டிலக்கா அவர் தலையைத் தடவி, "விடுங்க தம்பி, வந்துட்டீங்கல்ல" என்றாள்.

அடுத்த வாரமே முறை வைத்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அறை மறுபடி நிறைந்தது. நான் கீழே தாளம் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மாலையில் மேலே போனால் அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள்.

"நல்ல பிள்ளைங்க அக்கா. நல்லாப் பாடறாங்க. ஆனா ஒரு முகமும் எனக்குத் தெரியல. அவங்களுக்கும் என் கதைதான் தெரியுது, என்னைத் தெரியல." சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "முட்டைக்காரம்மா இருந்திருந்தா, வந்தவங்களையே குறை சொல்றியான்னு என்னைக் கிள்ளியிருக்கும்."

ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளக் காலம் கிடைக்கவில்லை. படுக்கைப் புண் ஒன்று பழுத்துக் காய்ச்சலில் அவளைக் கொண்டுபோய்விட்டது. பெட்டியைப் பெரிய கட்டடத்துக்கு எடுத்துப் போனார்கள். படியின் வளைவில் இந்தமுறை யாரும் தடுமாறவில்லை. வலிக்கிறது என்று அவளும் சொல்லவில்லை. அத்தனை பெரிய இடம் முழுக்க ஜனம். கணவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேலே ஓடுகிற மின்விசிறிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு மாடியில் பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. பழக்கதோஷம் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் இரண்டு பெண்களும் ஓர் ஆளும் தயங்கித் தயங்கிப் படி ஏறினார்கள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

"ஐயா, இந்த வாரம் எங்க முறை" என்றாள் ஒரு பெண். "அவங்க இல்லன்னு தெரியும். ஆனா வர வேண்டாம்னு யாரும் சொல்லல. அதான்..."

அவர் அவர்களையும் காலிக் கட்டிலையும் பார்த்தார்.

"பாடத் தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"அப்ப உக்காருங்க. பேச்சை நீட்டாதீங்க, அவளுக்குப் பாட்டுதான் புடிக்கும்."

அவர்கள் பாடினார்கள். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நின்றார். பாட்டு முடிந்தது. அந்தப் பெண் ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினாள்.

"இன்னொண்ணு பாடும்மா" என்றார்.