காலை ஐந்தரைக்கு ஒரு கேபிள்

நானும் என் மைத்துனன் மோகனும் செங்கல்பட்டு ஷெட்டில் கட்டிய குட்டி விமானத்தை, பிப்ரவரியில் ஒரு ஞாயிறு விடியலில் அவன் முதல்முறை ஓட்டுவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு எனக்கு உதறல் எடுத்தது. அதே வரைபடத்தில் விமானம் கட்டிப் பறந்துகொண்டிருக்கும் வைதேகியைப் பார்க்க ஸ்ரீரங்கம் கிளம்பினேன்.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணி பஸ். திருச்சிக்குள் போகாதீர்கள். சமயபுரம் தாண்டி டோல்கேட்டில் இறங்கினால் ஸ்ரீரங்கம் நாலு கிலோமீட்டர்தான். ஆட்டோ 120 ரூபாய். "ஏரோப்ளேன் அக்கா பட்டறையா? உட்காருங்க" என்றார் டிரைவர். விலாசமே கேட்கவில்லை.

வைதேகி கொள்ளிடக்கரைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அங்கேயே நிற்கும் தன் விமானத்தில், விமானியின் கைப்பிடியிலிருந்து வாலுக்குப் போகும் எஃகுக் கேபிளைக் கப்பியிலிருந்து கழற்றி, அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்த்தார். "துணியால தொடைச்சா மட்டும் போதாதுங்க. வளைச்சாத்தான் உள்ள அறுந்த கம்பி தலையை நீட்டும்." நான் இதுவரை துடைத்தவன்தான்.

மத்தியான வெயிலில் அதைத் திரும்ப மாட்டி இறுக்கம் அளந்தார். 42 பவுண்டு. வரைபடம் கேட்பது 30. என்னுடையது கச்சிதமாக 30. அம்மணி கோட்டை விட்டுட்டாங்க என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"இதைப் பார்த்துட்டுப் போயிடாதீங்க. காலைல அஞ்சரைக்கு வாங்க" என்றார்.

ராத்திரி லாட்ஜ் வாடகை 700. ஐந்தரைக்குப் போனேன். அதே கேபிள், யாரும் தொடவில்லை. 30 காட்டியது.

"வெயில்ல அலுமினிய உடம்பு எஃகுக் கேபிளை விட அதிகமா நீளுது, கேபிளை இழுக்குது. குளிர்ல சுருங்குது, கேபிள் தொளதொளன்னு ஆகுது, கைப்பிடியை இழுத்தா வால் கேக்காது. பறக்கறது விடியல்ல இல்லீங்களா? நீங்க எப்ப இறுக்கினீங்க?"

"மத்தியானம்," என்றேன். தகர ஷெட், ஞாயிறு சாப்பாடு முடிந்த பிறகு. எனக்கு லீவு அப்போதுதான். அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. வாசலுக்கு வந்து மோகனுக்கு போன் போட்டு ஞாயிறு வேண்டாம் என்றேன்.

கட்டுகிறவர்களுக்கு: பறக்கப்போகும் நேரத்திலேயே அளந்து பாருங்கள். வைதேகியைப் பார்க்கப் போனால் ஒரு ராத்திரி தங்கும்படி போங்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் கேபிளை அளந்தேன். 17. மோகன் எட்டிப் பார்த்தான். பிளாஸ்கைத் திறந்து எனக்கும் டீ ஊற்றினான். அவன் குடித்து முடிக்கும்வரை நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.